ஒருவர் எந்த வீட்டுக் கணக்கில் வருவார்? க்வாசூலு-நட்டால் எச்.ஐ.வி. ஆய்வுக் களம்: ஒரு நிகழ்வு ஆய்வு

தென்னாப்பிரிக்காவின் க்வாசூலு-நட்டால் மாகாணத்தில், டர்பனிலிருந்து என்-2 நெடுஞ்சாலையில் வடக்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் ம்டுபடுபா என்ற சிறு நகரம் வரும். ஒரு பக்கம் கரும்பும் மரத் தோட்டங்களும். இன்னொரு பக்கம் ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி வனவிலங்குக் காப்பகம். சுற்றியுள்ள குன்றுகளில் தள்ளித் தள்ளி ஜூலு மக்களின் வீடுகள். தெருப் பெயரும் இல்லை, கதவு எண்ணும் இல்லை. நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கிய 'தாயக' நிலங்களில் இந்தப் பகுதியும் ஒன்று. ஆண்கள் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் போய்விட்டு எப்போதாவது ஊர் திரும்பும் வாழ்க்கை அந்தக் காலத்திலேயே வேரூன்றிவிட்டது.

எச்.ஐ.வி. இங்கே வந்தது மெதுவாக அல்ல. இந்த வட்டாரத்தைச் சேர்ந்த ஹ்லபிசா பகுதியில் கர்ப்பிணிகளிடம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் 1992-ல் நூற்றுக்கு 4.2 பேருக்குத் தொற்று இருந்தது. 1995-ல் அது 14 ஆனது. மூன்றே ஆண்டுகளில் மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் கர்ப்பிணிகளின் கணக்கு கர்ப்பிணிகளைப் பற்றி மட்டும்தான் சொல்லும். ஆண்கள் எத்தனை பேர், வேலைக்கு வெளியூர் போனவர்கள் எத்தனை பேர், யார் எதனால் இறந்தார்கள் என்பதையெல்லாம் மருத்துவமனை வாசலில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள முடியாது. அதற்கு ஒரு வட்டாரத்தில் உள்ள எல்லோரையும், நோயாளி, நோயில்லாதவர் என்று பிரிக்காமல், ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும்.

1997-ல் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையின் நிதியில் ஆப்பிரிக்கா மையம் என்ற ஆய்வு நிறுவனம் இதற்காகவே அமைந்தது. ம்டுபடுபாவுக்கு அருகே சோம்கேலேயில் அதன் இருப்பிடம். 2000 ஜனவரி 1 முதல் சுமார் 438 சதுர கிலோமீட்டர் பரப்பில், ஏறக்குறைய 11,000 குடும்பங்களைத் தொடர்ந்து கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். இன்று அது ஆப்பிரிக்கா சுகாதார ஆய்வு நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது.

இந்தக் களத்திலிருந்து வந்த மருத்துவ முடிவுகள் உலகம் முழுக்கப் பேசப்பட்டவை. அவற்றைத் தாங்கி நிற்கும் தரவு வேலை அந்த அளவுக்குப் பேசப்பட்டதில்லை. இந்த ஆய்வுக் களத்தின் பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாமே, யாரை எப்படிப் பதிவு செய்வது என்று தொடக்கத்தில் எடுத்த சில முடிவுகளால்தான் சாத்தியமாயின என்பது என் கருத்து. அதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

வீடு வேறு, குடும்பம் வேறு

வழக்கமான மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு கேள்வி உண்டு: நேற்றிரவு இந்த வீட்டில் தூங்கியவர்கள் யார்? அவர்களையே அந்தக் குடும்பத்தின் உறுப்பினர்களாக எழுதிக்கொள்வார்கள். ம்டுபடுபா பக்கத்தில் அப்படிக் கேட்டால் குடும்பத்தில் பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். நாற்பது வயதுள்ள ஒருவர் ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கிறார். மாதாமாதம் பணம் அனுப்புகிறார். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் ஊருக்கு வருகிறார். குடும்பத்தில் எந்த முடிவென்றாலும் அவரைக் கேட்காமல் நடக்காது. குடும்பத் தலைவர் யார் என்று கேட்டால் எல்லோரும் அவரைத்தான் காட்டுவார்கள். ஆனால் ஆண்டில் பதினோரு மாதம் அவர் அந்த வீட்டில் தூங்குவதில்லை. அவருடைய மூத்த மகளோ பள்ளிக்கூடம் பக்கம் என்பதால் பாட்டி வீட்டில் இருக்கிறாள். அவள் இரண்டு வீட்டுக்கும் உரியவள். இவர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஆப்பிரிக்கா மையத்தின் தரவு வடிவமைப்பாளர்கள் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்துவைத்தார்கள். முதலாவது, தரையில் நிற்கும் வீட்டு வளாகம். அதற்கு இடம் உண்டு, எண் உண்டு. இரண்டாவது, குடும்பம் என்ற சமூகக் குழு. அது ஒரு வளாகத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயரலாம். மூன்றாவது, தனிமனிதர். ஒருவர் எந்த வளாகத்தில் வசிக்கிறார் என்பது ஒரு பதிவு. எந்தக் குடும்பத்தின் உறுப்பினர் என்பது வேறொரு பதிவு. ஒரே நேரத்தில் இரண்டு வளாகத்தில் வசிப்பதாகக் காட்ட முடியாது, ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு குடும்பங்களில் உறுப்பினராக இருக்கலாம். எங்கேயும் வசிக்காமலேயே, அதாவது ஆய்வு எல்லைக்கு வெளியே இருந்துகொண்டே, உறுப்பினராகவும் இருக்கலாம். அப்படி வெளியே வசித்தவர்கள் பதிவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு.

ஒவ்வொரு பதிவுக்கும் தொடக்கமும் முடிவும் உண்டு. தொடக்கம் என்றால் பிறப்பு, குடிவரவு, திருமணம் போன்ற ஒரு நிகழ்வு. முடிவு என்றால் இறப்பு, குடிபெயர்வு, உறவு முறிவு. ஒருவரின் வாழ்க்கை இப்படித் தேதியிட்ட துண்டுகளாகத் தரவுத்தளத்தில் கோக்கப்பட்டிருக்கும். இதனால்தான் 'இந்தப் பெண் 2004 மார்ச்சில் எங்கே வசித்தார், அப்போது எந்தக் குடும்பங்களின் உறுப்பினர்' என்று பின்னாளில் கேட்டாலும் பதில் கிடைக்கிறது.

எச்.ஐ.வி. ஆய்வுக்கு இது ஏன் உயிர்நாடி? வெளியூருக்கு வேலைக்குப் போனவர் அங்கே நோய்வாய்ப்பட்டால், கடைசியில் ஊருக்குத்தான் திரும்பி வருவார். அம்மாவின் பராமரிப்பில் இறப்பார். உள்ளூரில் வசிப்போரை மட்டும் கணக்கில் வைத்திருந்தால் அவர் எங்கிருந்தோ வந்து இறந்த புது ஆளாகத் தெரிவார். உறுப்பினர் பதிவு இருந்தால், அவர் எப்போது போனார், எப்போது வந்தார், வந்து எத்தனை மாதத்தில் இறந்தார் என்பதெல்லாம் ஒரே ஆளின் வரலாறாகக் கிடைக்கும்.

ஒரே ஆள் என்பதைக் காப்பாற்றுவதுதான் இருப்பதிலேயே கடினமான வேலை. ஆய்வு எல்லைக்குள்ளேயே ஒரு பெண் ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குத் திருமணமாகிப் போகிறார். புது வீட்டில் களப்பணியாளர் அவரைப் புதிதாக வந்தவர் என்று எழுதிவிட்டால், அவருக்குப் புது எண் விழும். பழைய எண் பழைய வீட்டில் அப்படியே உயிரோடு இருக்கும். ஒருவர் இருவராகிவிட்டார். பழைய எண்ணுக்கு இனிமேல் இறப்பே கிடையாது, ஏனென்றால் அந்த ஆள் வேறு எண்ணில்தான் வாழ்ந்து இறக்கப்போகிறார். இப்படிச் சில நூறு சாகாத ஆட்கள் சேர்ந்தால் இறப்பு விகிதம் பொய்யாகக் குறைந்து தெரியும். மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று இறப்பு விகிதத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லப் போகிறவர்களுக்கு இதைவிட ஆபத்தான பிழை வேறில்லை.

அதனால் குடிவந்தவர் என்று யாரை எழுதினாலும், இதற்கு முன்பு எங்கே இருந்தீர்கள் என்ற கேள்வி கட்டாயம் உண்டு. எல்லைக்குள் என்றால் பழைய வீட்டின் பட்டியலில் அவரைத் தேட வேண்டும். தேடுவது லேசான காரியமில்லை. வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று, திருமணத்துக்குப் பின் குடும்பப் பெயர் வேறு. முதியவர்களுக்குப் பிறந்த தேதி தெரியாது. தென்னாப்பிரிக்க அடையாள எண் 13 இலக்கம், அதன் முதல் ஆறு இலக்கங்களே பிறந்த தேதிதான். கையில் இருந்தால் பெரிய உதவி. எல்லோரிடமும் இருக்காது.

களப்பணியாளர்கள் உள்ளூர்க்காரர்கள், ஜூலு மொழியில் பேசுபவர்கள். தொடக்க ஆண்டுகளில் ஆண்டுக்கு இரண்டு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் போனார்கள், பிறகு மூன்று முறை. கையில் அந்தக் குடும்பத்தின் முந்தைய பட்டியல் இருக்கும். வீட்டில் விவரம் தெரிந்த ஒருவரிடம் ஒவ்வொரு பெயராகச் சொல்லி, இருக்கிறாரா, போய்விட்டாரா, குழந்தை பிறந்ததா, யாராவது இறந்தார்களா என்று கேட்டு எழுதுவார்கள். யாராவது இறந்திருந்தால் பிறகு ஒரு செவிலியர் தனியாகப் போவார். இறந்தவரைப் பராமரித்தவரிடம் உட்கார்ந்து, கடைசி மாதங்களில் இருமல் இருந்ததா, உடல் மெலிந்ததா, பேதி எத்தனை நாள் என்று விரிவாகக் கேட்பார். அந்த விவரத்தை வைத்து மருத்துவர்கள் இறப்புக் காரணத்தைத் தீர்மானிப்பார்கள். இறப்புச் சான்றிதழில் 'இயற்கை மரணம்' என்று மட்டும் எழுதி முடித்துவிடும் இடத்தில் இந்த உரையாடல்தான் உண்மையை வெளியே கொண்டுவந்தது. 2000-ல் இந்தப் பகுதியில் இறந்த வயதுவந்தோரில் ஏறக்குறைய பாதிப் பேர் எய்ட்ஸால் இறந்தார்கள் என்று இப்படித்தான் தெரிந்தது. அதே ஆண்டு ஜூலையில் டர்பனில் உலக எய்ட்ஸ் மாநாடு நடந்தது. எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணமா என்று நாட்டின் அதிபரே சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் சூழலில் வீடு வீடாகப் போய்ச் சாவைக் கேட்டு எழுதிய அந்தச் செவிலியர்கள் செய்தது எவ்வளவு பெரிய பணி!

ஒரு துளி ரத்தமும் மறுப்பும்

2003-ல் எச்.ஐ.வி. பரிசோதனையும் சேர்ந்தது. ஆண்டுக்கு ஒரு முறை, முதலில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுக்கும் 15 முதல் 54 வரையுள்ள ஆண்களுக்கும். 2007 முதல் 15 வயது தாண்டிய எல்லோருக்கும். விரல் நுனியில் குத்தி வடிதாளில் ரத்தத்தைச் சொட்டவைத்து, காயவைத்து, டர்பனில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். காய்ந்த ரத்தத்துக்குக் குளிர்ப்பெட்டி தேவையில்லை. மண்பாதை ஜீப் பயணத்துக்கு அதைவிடச் சௌகரியமான வழி இல்லை. தாளில் பெயர் இருக்காது, பட்டைக்குறி (பார்கோடு) மட்டும்தான்.

முதல் சுற்றுகளில் கிடைத்த எண்கள் நெஞ்சை அடைத்தன. உள்ளூரில் வசிக்கும் பெண்களில் 27 சதவீதத்தினருக்கும் ஆண்களில் 13.5 சதவீதத்தினருக்கும் தொற்று. 25 முதல் 29 வயது வரையுள்ள பெண்களில் 51 சதவீதம். அதாவது அந்த வயதில் இருவரில் ஒருவர்.

ஆனால் எல்லோரும் விரலை நீட்டுவதில்லை. வேண்டாம் என்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் நிறைய. ஏற்கெனவே தனக்குத் தொற்று என்று தெரிந்தவர், தெரிந்துகொள்ளப் பயப்படுபவர், ஒவ்வொரு ஆண்டும் இதையே கேட்கிறார்களே என்று சலித்தவர் என்று பல வகை. மறுப்பவர்களும் ஒப்புக்கொள்பவர்களும் ஒரே மாதிரியானவர்களாக இருந்தால் பிரச்சினை இல்லை. அப்படி இல்லை என்பதுதான் சிக்கல்.

இதே களத்தில் பணியாற்றிய பொருளியலாளர் டில் பேர்னிக்ஹவுசனும் கூட்டாளிகளும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். சில களப்பணியாளர்கள் கேட்டால் மக்கள் அதிகம் சம்மதிக்கிறார்கள், சிலர் கேட்டால் குறைவாக. யார் கேட்டார் என்பதற்கும் ஒருவருடைய ரத்தத்தில் தொற்று இருப்பதற்கும் தொடர்பே கிடையாது. எனவே களப்பணியாளரின் அடையாள எண்ணை வைத்து, மறுத்தவர்களிடையே தொற்று எவ்வளவு இருக்கும் என்று கணக்கிடலாம். ஜாம்பியாவின் 2007 தேசியக் கணக்கெடுப்பில் இந்த முறையைப் பயன்படுத்தியபோது, ஆண்களிடையே 12 சதவீதம் என்று இருந்த மதிப்பீடு 21 சதவீதமாக உயர்ந்தது. எந்தப் படிவத்தை யார் நிரப்பினார் என்ற சிறு விவரத்தை ஒழுங்காகச் சேமித்ததால் கிடைத்த பலன் இது. பல இடங்களில் அந்த ஒரு கட்டத்தை யாரும் சீண்டுவதே இல்லை.

இன்னொரு வழியும் பார்த்தார்கள். 2010-ல் ஒரு பகுதி வீடுகளுக்கு 50 ராண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்) மதிப்புள்ள உணவுப் பொருள் கூப்பன் கொடுத்தபோது, பரிசோதனைக்குச் சம்மதிப்போர் 25 சதவீதப் புள்ளிகள் அதிகரித்தார்கள். இதை லஞ்சம் என்று சொல்வோரும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆண்டாண்டாகத் தன் நேரத்தையும் ரத்தத்தையும் கொடுக்கும் குடும்பத்துக்கு அது ஒரு மரியாதை.

அதைவிட என்னை உறுத்துவது முடிவைச் சொல்லும் விஷயம். ஆரம்ப ஆண்டுகளில் பரிசோதனை முடிவை அறிய விரும்பியவர் பிறகு ஓர் ஆலோசனை மையத்துக்குத் தானாகப் போய்க் கேட்க வேண்டியிருந்தது. கட்டாயப்படுத்தி யாருக்கும் முடிவைச் சொல்லக் கூடாது என்ற நெறியில் பிறந்த ஏற்பாடு அது. மருந்து கிடைக்காத காலத்தில் அதில் நியாயம் இருந்தது. மருந்து வந்த பிறகு அந்த நியாயம் தேய்ந்துகொண்டே போனது. கண்காணிப்புக்காக எடுக்கும் ரத்தமும் சிகிச்சைக்காக எடுக்கும் ரத்தமும் வேறு வேறு என்ற பழைய பிரிவினையை இன்று யார் புதிதாகக் களம் அமைத்தாலும் முதல் நாளிலேயே கேள்வி கேட்க வேண்டும்.

தொற்றிய நாள் எது?

ஒருவருக்கு 2006-ல் தொற்று இல்லை. 2007, 2008-ல் அவர் பரிசோதனைக்குச் சம்மதிக்கவில்லை. 2009-ல் தொற்று இருக்கிறது. எந்த ஆண்டில் தொற்றியது?

வழக்கமாக நடுப்புள்ளியை எடுத்துக்கொள்வார்கள். எளிது, ஆனால் எல்லோருடைய தொற்றையும் இடைவெளியின் நடுவில் குவித்துவிடும். கடைசி ஆண்டுகளுக்கு வரும்போது இது மோசமான விளைவைத் தரும். அந்த ஆண்டுகளில் தொற்றியவர்கள் பலர் இன்னும் அடுத்த பரிசோதனைக்கே வந்திருக்கமாட்டார்கள். வந்தவர்களின் தேதியும் பின்னோக்கி நடுவுக்குப் போய்விடும். விளைவு, புதுத் தொற்று குறைந்துவருவதுபோல ஒரு பொய்த் தோற்றம். அமைச்சர்கள் மகிழ்ச்சியோடு மேற்கோள் காட்டக்கூடிய பொய்.

இதே களத்தின் ஆய்வாளர்கள் ஆலன் வாண்டோர்மேல், ஃபிராங்க் டான்சர் முதலியோர் இதை விரிவாக ஆராய்ந்து, நடுப்புள்ளிக்குப் பதிலாக இடைவெளிக்குள் குலுக்கல் முறையில் ஒரு தேதியை எடுத்து, அதைத் திரும்பத் திரும்பச் செய்து சராசரி காணும் முறையைப் பரிந்துரைத்தார்கள். இவ்வளவு கவனத்துக்குப் பிறகும், 2012-க்கும் 2017-க்கும் இடையே புதுத் தொற்று 43 சதவீதம் குறைந்திருந்தது என்று தெரிந்தபோது அதை நம்ப முடிந்தது. நூறு பேரை ஓராண்டு பின்தொடர்ந்தால் 4 பேருக்குத் தொற்று என்று இருந்தது 2.3 ஆனது. ஆண்களிடையே இறக்கம் அதிகம், பெண்களிடையே குறைவு. இளம்பெண்களின் பாடு இன்னும் தீரவில்லை.

இரண்டு பதிவேடுகள் சேர்ந்தபோது

2004-ல் ஹ்லபிசா வட்டார அரசு மருத்துவமனையிலும் அதைச் சுற்றியுள்ள கிளினிக்குகளிலும் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கியது. ஆப்பிரிக்கா மையமும் அதில் துணை நின்றது. நோயாளிகளுக்கென்று தனித் தரவுத்தளம் உருவானது. அதையும் மக்கள்தொகைத் தரவுத்தளத்தையும் அடையாள எண், பெயர், குடும்பப் பெயர், வயது, பாலினம் ஆகியவற்றை வைத்து இணைத்தார்கள். முன்பு சொன்ன பெயர்க் குழப்பங்கள் அத்தனையும் இங்கே மீண்டும் தலைகாட்டும். ஒரே ஆள் என்பதைக் களத்தில் கவனமாகக் காத்திருந்ததால்தான் இணைப்பு சாத்தியமானது.

இதிலிருந்து 2013-ல் 'சயின்ஸ்' இதழில் அடுத்தடுத்து இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. ஜேக்கப் போர் தலைமையிலான ஒன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை வைத்து, வயதுவந்தோரின் ஆயுள் எதிர்பார்ப்பு 2003-ல் 49.2 ஆக இருந்து 2011-ல் 60.5 ஆக உயர்ந்ததைக் காட்டியது. எட்டே ஆண்டில் பதினொரு ஆண்டு ஆயுள் கூடியது. ஓர் ஆண்டு ஆயுளைக் காப்பாற்ற ஆன செலவு 1,593 டாலர். டான்சர் தலைமையிலான இன்னொன்று, தொற்றில்லாத 16,667 பேரை 2004 முதல் 2011 வரை பின்தொடர்ந்தது. சுற்றுவட்டாரத்தில் தொற்றுள்ளோரில் 30 முதல் 40 சதவீதம் பேர் மருந்து எடுக்கும் இடத்தில் வாழ்ந்தவருக்கு, 10 சதவீதத்துக்கும் குறைவானவர்களே மருந்து எடுக்கும் இடத்தில் வாழ்ந்தவரைவிடத் தொற்றும் வாய்ப்பு 38 சதவீதம் குறைவு.

முதல் முடிவுக்கு 2004-க்கு முந்தைய நான்கு ஆண்டுத் தரவு அடித்தளம். மருந்து வருவதற்கு முன்பே எண்ணத் தொடங்கியிருக்காவிட்டால், வந்த பிறகு எவ்வளவு எண்ணினாலும் ஒப்பிட எதுவும் இருந்திருக்காது. இரண்டாவதற்கு அடித்தளம் வரைபடம். ஒவ்வொரு வீட்டு வளாகத்தையும் செயற்கைக்கோள் கருவியால் இரண்டு மீட்டருக்குள் துல்லியமாகக் குறித்துவைத்திருந்தார்கள். அதனால்தான் 'சுற்றுவட்டாரம்' என்பதை ஒவ்வொரு ஆளையும் நடுவில் வைத்து அளக்க முடிந்தது. இதே வரைபடம்தான் நெடுஞ்சாலை ஓரத்தில் தொற்று 36 சதவீதம் வரை ஏறுவதையும், உள்ளே தள்ளிய சில இடங்களில் 6 சதவீதம் வரை இறங்குவதையும் காட்டியது. அச்சில் வரும் வரைபடங்களில் வீடுகளின் இடத்தை வேண்டுமென்றே கொஞ்சம் நகர்த்திவைப்பார்கள், யாருடைய வீடு என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக. அது கட்டாயம் வேண்டிய எச்சரிக்கை. தனித்தனியாக நிற்கும் வீடுகள் உள்ள ஊரில் ஒரு புள்ளியே முகவரி ஆகிவிடும்.

இணைப்பால் இன்னொன்றும் தெரிந்தது. அதை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். 2003-க்கும் 2011-க்கும் இடையே பெண்களுக்கு 13.2 ஆண்டு ஆயுள் கூடியது, ஆண்களுக்கு 9 ஆண்டுதான். எச்.ஐ.வி.யால் இறந்த ஆண்களில் பெரும்பாலோர் சிகிச்சை தேடி ஒருமுறைகூட வந்திருக்கவில்லை. மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் பார்ப்பவருக்கு இந்த ஆண்கள் கண்ணிலேயே படமாட்டார்கள். வராதவருக்கு அங்கே பதிவு கிடையாது அல்லவா? மருத்துவமனையோடு தொடர்பில்லாத ஒரு பட்டியலில் அவர் பெயர் இருந்தால்தான், அவர் வரவில்லை என்பதே ஒரு தகவல் ஆகும்.

கைகொடுக்காத சோதனை

2012 முதல் 2016 வரை பிரான்ஸ் நாட்டின் எய்ட்ஸ் ஆய்வு அமைப்போடு சேர்ந்து ஹ்லபிசா வட்டாரத்தில் பெரிய சோதனை ஒன்று நடந்தது. அங்கே ஒரு பகுதியை 22 தொகுதிகளாகப் பிரித்து, பாதியில் தொற்று உறுதியான எல்லோருக்கும் உடனே மருந்து கொடுத்தார்கள். மறுபாதியில் அப்போதைய அரசு விதிமுறைப்படி. முதல் வகைத் தொகுதிகளில் புதுத் தொற்று குறையும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. அங்கே நூறு பேருக்கு ஓராண்டில் 2.11, மறுபாதியில் 2.27. இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்றே கொள்ள வேண்டும்.

மருந்தில் குறையில்லை. தொற்று தெரிந்தவர்கள் கிளினிக்குக்கு வந்துசேர்வது தாமதமானது. அதோடு மக்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. சிகிச்சையில் உள்ளவர் வெளியூர் போகிறார், சிகிச்சையில் இல்லாதவர் உள்ளே வருகிறார். தொற்றுவது தொகுதிக்கு வெளியிலும் நடக்கிறது. வீடு வேறு, குடும்பம் வேறு என்ற அந்தப் பழைய பாடம் இங்கேயும் பொருந்துகிறது. யார் எப்போது வந்தார்கள், போனார்கள் என்ற பதிவு இல்லாவிட்டால் இந்தச் சோதனை 'மருந்து பலிக்கவில்லை' என்ற தவறான பாடத்தோடு முடிந்திருக்கும்.

பல களங்கள், ஒரு மொழி

ஒரு வட்டாரத்தின் கதை ஆப்பிரிக்காவின் கதை ஆகாது. உகாண்டாவில் ரகாய், க்யமுலிப்வா, தான்சானியாவில் கிசேசா, மலாவியில் கரோங்கா, ஜிம்பாப்வேயில் மனிகாலாந்து, தென்னாப்பிரிக்காவிலேயே அகின்கோர்ட் என்று இதுபோன்ற களங்கள் பல உண்டு. க்யமுலிப்வா 1989 முதல் இயங்குகிறது. ஒவ்வொன்றும் தனித்தனிக் காலத்தில், தனித்தனிப் படிவங்களோடு பிறந்தது. ஓரிடத்தில் நான்கு மாதம் இல்லாவிட்டால் 'வெளியேறியவர்', இன்னோரிடத்தில் ஆறு மாதம் என்று வரையறைகளே மாறினால் இரண்டு இடத்து விகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே தப்பு.

2005-ல் லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் ஒருங்கிணைப்பில் ஆல்ஃபா என்ற வலையமைப்பு உருவானது. எல்லோரும் ஒரே தரவுத்தளத்துக்கு மாறுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை, கேட்டிருந்தால் யாரும் வந்திருக்கமாட்டார்கள். உங்கள் வீட்டில் உங்கள் முறைப்படியே வையுங்கள், பகிரும்போது மட்டும் இந்தப் பொது வடிவத்துக்கு மாற்றித் தாருங்கள் என்றார்கள். வசிப்புக் காலத்துக்கு ஒரு கோப்பு, எச்.ஐ.வி. பரிசோதனைகளுக்கு ஒரு கோப்பு, சிகிச்சைக்கு ஒரு கோப்பு. மாற்றும் வேலையைக் களத்தின் தரவு மேலாளர்களே பட்டறைகளில் ஒன்றாக உட்கார்ந்து செய்தார்கள். தன் தரவின் கோளாறு எங்கே என்று தெரிந்தவர் கையாலேயே அது மாறியது. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் ஆப்பிரிக்காவில் திரட்டிய தரவை மொத்தமாக ஐரோப்பாவுக்கு ஏற்றிவிட்டு, திரட்டியவர் பெயரை நன்றியுரையில் போடும் பழக்கத்துக்கு இது மாற்றாக இருந்தது.

இன்டெப்த் என்ற இன்னொரு வலையமைப்பு, கானாவின் அக்ராவைத் தலைமையிடமாகக் கொண்டு, ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் சேர்த்துக்கொண்டது. இந்தியாவில் புனேக்கு அருகே வடு என்ற ஊரில் உள்ள களமும் அதில் உறுப்பினர். 2013-ல் இன்டெப்த் பொதுத் தரவுக் களஞ்சியம் ஒன்றைத் திறந்தது. அதை உருவாக்கியதில் சோம்கேலேயின் கோபஸ் ஹெர்ப்ஸ்ட்டோடு வடுவின் தரவு வல்லுநர்களுக்கும் பங்கு உண்டு. மின்சாரமும் இணையமும் ஒழுங்காக இல்லாத களங்களுக்காக, தேவையான மென்பொருள் அனைத்தையும் ஏற்றிய ஒரு சின்னக் கணினிப் பெட்டியைத் தயாரித்து அனுப்பினார்கள். செருகினால் வேலை செய்யும். பிழைத் திருத்தம், வடிவ மாற்றம், ஆவணப்படுத்தல் எல்லாம் அதற்குள்ளேயே நடக்கும்.

இப்போது

2016-ல் ஆப்பிரிக்கா மையம் டர்பனில் இருந்த காசநோய், எச்.ஐ.வி. ஆய்வு நிறுவனத்தோடு இணைந்தது. 2017-ல் ஆய்வு எல்லை வடக்கே விரிந்து 845 சதுர கிலோமீட்டர் ஆனது. சுமார் 1,40,000 பேர். காகிதப் படிவம் போய் டேப்லெட் வந்தது. மூன்று சுற்றில் ஒன்று நேரில், மற்ற இரண்டும் தொலைபேசியில். வெளியூரில் வேலை பார்ப்பவரிடம் நேரடியாகவே பேச முடிகிறது என்பது இதில் பெரிய லாபம். நேரில் ஒருவர் வாசலில் வந்து நிற்கும்போது உருவாகும் நம்பிக்கை தொலைபேசியில் அவ்வளவு எளிதாகக் கிடைக்காது என்பது நஷ்டம்.

கிளினிக் இணைப்பும் தலைகீழாக மாறியிருக்கிறது. முன்பெல்லாம் இரண்டு தரவுத்தளங்களையும் பின்னால் உட்கார்ந்து பெயர் பார்த்துப் பொருத்த வேண்டும். இப்போது வட்டாரத்துக் கிளினிக்குகளிலேயே ஆய்வு நிறுவனத்தின் எழுத்தர் இருக்கிறார். நோயாளி உள்ளே வரும்போது அவரிடம் சம்மதம் கேட்டு, மக்கள்தொகைப் பதிவில் அவர் பெயரை அங்கேயே தேடுகிறார். இரண்டு பேருக்கு ஒரே பெயர் இருந்தால், உங்கள் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று ஒரு கேள்வி. ஆள் எதிரில் நிற்கும்போது ஒரு நிமிடத்தில் தீரும் சந்தேகம் அது. ஆள் போன பிறகு அதைத் தீர்ப்பது பல மாத வேலை.